நோங்காய் ரயிலும் இலவசக் காவலும்

"சும்மா வர்ற காவல் சும்மாதான் கெடக்கும்னு நான்..."

"பிம் அப்பா, நான் இன்னும் பேசி முடிக்கல..."

"...சொல்றது காதுல விழுதா? காணிக்கை வைக்காம வாங்குன காவல் எதுவும் நிக்காது!"

"இது கம்ப்யூட்டர். உங்க தோள்ல குத்தியிருக்கிற மந்திரப் புலி இல்ல!"

தோங்கம் தன் இடது தோளைத் தடவிக்கொண்டார். அந்தப் புலியைக் குத்திய துறவிக்குப் பூவும் ஊதுவத்தியும் பன்னிரண்டு பாட் காசும் தட்டில் வைத்துத்தான் தோளைக் காட்டினார். அதனால்தானே, கோன்கேன் பேருந்து வயலில் உருண்டபோது ஓட்டுநராக இருந்த அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை? இதை முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். மனைவி ராம்பையும் முப்பது வருடமாக, "வயல் சேறா இருந்துச்சு, அதான்" என்று சொல்லி வருகிறாள்.

மூன்று நாளாகக் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை. எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே மகள் பிம்மின் கல்யாணப் படங்கள் அத்தனையும் மாட்டிக்கொண்டன. காலையில் பாங்காக்கிலிருந்து பிம் தொலைபேசியில் சொன்னதையெல்லாம் ராம்பை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். வைரஸை விரட்டுகிற காவல் மென்பொருள் இலவசமானதே போதும். ஒன்றே ஒன்றுதான் போட வேண்டும், இரண்டு போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். செய்தவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும், நடுவில் குதிக்கிற விளம்பரத்தைத் தொடக் கூடாது.

"ரெண்டு இருக்கு," என்றாள் ராம்பை. "பச்சைக் கேடயம் ஒண்ணு, மஞ்சள் மணி ஒண்ணு. மஞ்சள் மணி, கண்டுபிடிச்சதைப் பேரோட சொல்லி, என்ன பண்ணட்டும்னு நம்மளக் கேக்குமாம்."

"பச்சை?"

"வாயைத் திறக்காதாம். தானே பூட்டி வச்சிடுமாம்."

"பச்சைதான் நல்லது," என்றார் தோங்கம், கொஞ்சம் அவசரமாக.

"குரைக்காத நாய்க்குச் சோறு எதுக்கு?"

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் ராம்பை ஊஞ்சல் படுக்கையில் குறட்டை விட்டாள். தோங்கம் அதைக் கைபேசியில் பிடித்து, தன் மூங்கில் குழலை அதன் மேல் வாசித்துச் சேர்த்தார். நோங்காய் ஊருக்குப் போகிற ரயில் சத்தம்போல இருந்ததால், 'எங்க வீட்டு நோங்காய் ரயில்' என்று பெயரும் வைத்தார். முடிவெட்டுகிற கம்சிங்கின் கடையில் அதைப் போட்டபோது, பாதித் தலை வெட்டியவன்கூட எழுந்து ஆடினான். அந்தப் பாட்டோடு அன்று கடையை விட்டுப் போன அவருடைய பென் டிரைவ் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வரும்போது இந்த நோயையும் கூட்டி வந்துவிட்டது. ரயிலை அழித்துவிடலாமென்று பார்த்தால், கம்ப்யூட்டரில் அது இருக்கிற இடம் திறக்கவில்லை.

"சோதனை ஓடினா நோய் புடிச்ச ஃபைல் ஒவ்வொண்ணோட பேரும் திரையில வரும்ணே," என்று கம்சிங் எச்சரித்திருந்தான். "கோயில் ஒலிபெருக்கில நன்கொடை குடுத்தவங்க பேரை வாசிக்கிற மாதிரி."

முன்பொரு தடவை, ராம்பையின் பப்பாளி சாலட்டைச் சம்பந்தி வீட்டார் எதிரில் அவர் புளிப்பு என்று சொன்னதற்கே, பாங்காக் போய் மகள் வீட்டில் நாற்பது நாள் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நாளும் பொட்டல நூடுல்ஸ்தான் தோங்கத்துக்கு. இன்றைக்கும் வாசல் ஓரத்தில் அவள் பயணப்பை இருந்தது. பக்கத்து ஊர்க் கோயிலுக்கு என்றாள். நல்லவேளை, கோயிலுக்குத்தான்.

"மஞ்சளோ பச்சையோ, குரு காணிக்கை இல்லாம முடியாது," என்று பழைய பிடியையே பிடித்தார். "அதுவும் வியாழக்கிழமைதான் குருவுக்கு நாள்."

"இன்னிக்கு வியாழன்தான்."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். வியாழன்தான். பேருந்து ஓட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து அவருக்குக் கிழமை நினைவில் நிற்பதில்லை.

ராம்பை எழுந்து கொல்லைக்குப் போனாள். கால் மணியில் தட்டோடு வந்தாள். வாழையிலைக் கூம்பு, மல்லிகை, இரண்டு மெழுகுவத்தி, ஊதுவத்தி, பன்னிரண்டு பாட் சில்லறை. தட்டைக் கம்ப்யூட்டர் முன் வைத்துவிட்டு மஞ்சள் மணியை இறக்க ஆரம்பித்தாள்.

"இந்தக் கட்டத்துல டிக்கை எடு... இதுலயும் எடு. பாருங்களேன், ஓசிச் சாப்பாட்டுக்குப் போனா நம்ம தலையில கூடையைக் கட்டி விடுறான்! தேடுறதுக்கு ஒண்ணாம், சீட்டு விளையாட ஒண்ணாம். எதுவும் வேணாம் போடா."

மணி 'டிங்' என்றது. 'சோதனையைத் தொடங்கு' என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. தோங்கம் மெல்ல நழுவப் பார்த்தார்.

"எங்க போறீங்க? மண்டி போடுங்க."

"எதுக்கு?"

"காணிக்கை வச்சாச்சு. செஞ்ச தப்பைக் குரு முன்னாடி சொல்லி மன்னிப்புக் கேட்டாத்தானே காவல் நிக்கும்? புலி குத்தறப்ப அரை நாள் சொன்னேன்னு பெருமை அடிச்சுக்குவீங்களே."

தான் வெட்டிய குழி இவ்வளவு ஆழமா என்று தோங்கத்துக்கே ஆச்சரியம். மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"போன வருஷம் இதும் மேல சோடாவைக் கொட்டிட்டேன்."

"அது எறும்புக்கே தெரியும். அடுத்தது."

"சீட்டு விளையாட்டுல உன் பேர்ல ஆடித் தோத்தேன்."

"அடுத்தது."

"ஜெயிச்சதை என் பேர்ல போட்டுக்கிட்டேன்."

"அடுத்தது."

"அவ்வளவுதான், பிம் அம்மா. புலி மேல சத்தியமா."

"புலியை இழுக்காதீங்க, பாவம்."

ஊதுவத்திப் புகை திரைமேல் ஏறியது. ராம்பை மவுஸின் மேல் விரலை வைத்தாள். இன்னும் அழுத்தவில்லை. ஏதோ ஒரு மெட்டை மூக்குக்குள் முனகினாள். தோங்கத்தின் மூங்கில் குழல் மெட்டு அது, நடுவில் வருகிற அந்தச் சீழ்க்கை உட்பட.

அவர் கூப்பிய கையை அவள் பக்கம் திருப்பினார்.

"மீன் விக்கிற புவாலய் நேத்து சந்தையில முழுசாப் பாடியே காட்டிட்டா," என்றாள் ராம்பை. "பாங்காக் பஸ் மூணு மணிக்கு. அந்த ரயில் பேரை நீங்களே சொல்றீங்களா, இல்ல மஞ்சள் மணி சொல்லட்டுமா?"