தலைக்கு ஏறாத எண்ணெய்

எங்கள் கெட்டாமா மலையில் கஞ்சாச் செடியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த ஆளில்லை என்ற திமிர் எனக்கு. மூட்டையை மோந்தே எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன். ஊரில் பெயரே 'மூக்கு மைமூன்'தான்.

அரசு அனுமதியோடு மருந்துக்குப் பயிரிடும் சங்கம் தொடங்கியபோது, சோதனைக்கூடத்திலிருந்து இக்ராம் என்ற பெண் வந்தாள்.

"செடிக்குள்ள ஒரே தாய்க்குப் பொறந்த ரெண்டு சத்து இருக்கு. டி.எச்.சி.யைச் சூடாக்கினா தலைக்கு ஏறும். சி.பி.டி. போதை தராது. நம்ம ஊர் விதையில முதலாவது ஜாஸ்தி, புது விதையில ரெண்டாவது. மோந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைத் தாள் வர்ற வரைக்கும் மூட்டையத் தொடாதீங்க."

"எம்மா, உன் மெஷினுக்கு முன்னாடியே பொறந்தது என் மூக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு மினானா வந்தாள். கணவனை இழந்தவள், ஒரே மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தாள்.

"முட்டி வலி உயிர் போவுதுண்ணே. சம்பந்தி முன்னாடி நொண்டிக்கிட்டா நிக்கிறது? புது விதைச் செடியில காய்ச்சுற அந்த எண்ணெய் குடுங்க. தலைக்கு ஏறாதுல்ல? நான் தொழுவுறவ."

"ஏறவே ஏறாது. நான் இருக்கேன்ல?"

சங்கத்தின் கிடங்கில் நம்ம ஊர் விதைக்கு ஒன்று, புது விதைக்கு ஒன்று என இருந்த இரண்டு மூட்டைகளிலும் மழையில் சீட்டு அழிந்திருந்தது. தாளுக்குக் காத்திருக்கவில்லை. மூக்கை நம்பி ஒன்றைப் பிரித்து, ஆலிவ் எண்ணெயில் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன்.

நிக்காஹ் அன்று ஆண்கள் அறையில் இருந்தேன். இமாம் ஃபாத்திஹாவுக்குக் கையேந்தினார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மினானாவின் குரல்.

"அடியே, சுவரு நடந்து வருதுடி!"

சிரிப்பு நிற்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கத்துவது கேட்டது. "பொண்ணப் பெத்தவளே கஞ்சா இழுக்குறவளா? நிக்காஹ் நடக்கட்டும். ஆனா இவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

பிறகு விருந்தில் என் முன்னால் ஆட்டுக்கறித் தட்டு வந்தது. 'நான்தான் கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குனிந்து தின்றேன். சீ, எனக்கெல்லாம் ஒரு பெயர்.

மூன்றாம் நாள் சோதனைத் தாள் வந்தது. நான் பிரித்தது நம்ம ஊர் விதையின் மூட்டை. தாளை ஜெல்லாபா அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டு மினானா வீட்டுக்குப் போனேன். அங்கே நாலைந்து பெண்கள் அவளைக் கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மைமூன் அண்ணன் நல்ல எண்ணெய்தான் குடுத்தாரு. நான்தான் வலி தாங்காம அளவுக்கு மீறிக் குடிச்சிட்டேன்" என்றாள் மினானா. அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

"அதானே, அவரு மூக்கு தப்புமா?" என்றாள் ஒருத்தி.

மினானா என்னைப் பார்த்தாள். "மிச்சம் இருக்குண்ணே. இனிமே எத்தன சொட்டு குடிக்கட்டும்?"

"கெட்டுப்போயிருக்கும், குடு" என்று புட்டியை வாங்கிக்கொண்டேன். தாளைக் கொடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.