அருகில் இருந்தவன் பெயர்

1

இந்தக் கதை நான் ஒரு வேலையை மறுத்ததால் வந்தது. எங்கள் தெருவில், ரிச்சர்ட்ஸ் டவுனில், இரண்டு வீடு தள்ளி மாடியில் குடியிருக்கும் மோனிகா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது என் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், நீங்க எழுதுறவர்தானே? எனக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. ஒரே பக்கம்.”

“எதைப் பத்தி?”

“எங்க டீமோட டிஃபென்ஸ் நெஜமாவே நல்லா இருக்கா இல்லையான்னு.”

எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன்.

“தெரிஞ்சவங்க எல்லாரையும் கேட்டுட்டேன் அங்கிள். அதான் தெரியாதவங்ககிட்ட வந்திருக்கேன்.”

முடியாது என்று அனுப்பிவிட்டேன். எழுதிக் கொடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் சனியன். கொடுக்காமல், அவளிடமிருந்து கிட்டத்தட்ட முழு விவரத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “ஓஸ்வால்ட் கோட்டைச் சுவரைப் போல நின்றான்.” அடித்துவிட்டேன். கோட்டையும் சுவரும் இல்லாமல் தடுப்பாட்டத்தைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் தொடக்கம்: “ஒன்பதாவது ஆட்டத்தின் முப்பதாம் நிமிடத்தில் எதுவும் நடக்கவில்லை.” இது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று நாள் இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வரி வரவில்லை. எப்படி வரும்? கோல் அடிப்பவனுக்குக் கதை இருக்கிறது. ஓடினான், உதைத்தான், சட்டையைக் கழற்றிச் சுற்றினான். தடுப்பவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. எதிரிக்கு அன்று கால் சரியில்லை என்றாலும் ஒன்றும் நடக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்குத் திருடன் வரவில்லை. பூட்டு நல்ல பூட்டா, திருடனுக்குக் காய்ச்சலா?

மூன்றாம் தொடக்கம், வேறு வழியில்லாமல் நிற்பது, அடுத்த பகுதியில்.

3

மோனிகாவின் வேலை, முடிந்துபோன ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பது. ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், திரையை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, யார் பந்தை எடுத்தான், யார் விட்டான் என்று குறித்துக்கொண்டே போவாள். (அணியின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அவளுக்கு வேலை போகும். அப்படி ஓர் அணி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்தப் பருவத்தில் இருபத்தோரு ஆட்டம் முடிந்திருந்தது. அணி வாங்கிய கோல்கள் மொத்தம் பதினொன்று. போட்டியிலேயே மிகக் குறைவு. ஊரெல்லாம் பேச்சு. சனிக்கிழமை கடைசி ஆட்டம்; திங்கட்கிழமை, அடுத்த பருவத்துக்கு யார் யார் என்ற பட்டியல் மேலே போக வேண்டும். பட்டியல் போடுபவர் ஹரிஷ்குமார். மென்பொருள் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுக் கால்பந்துக்கு வந்தவர்.

“மோனிகா, எனக்கு ஒரே ஒரு நம்பர் போதும். நூத்துக்கு எவ்ளோ?”

“சார், டிஃபென்ஸ்னா நாலு பேரு, கீப்பரு, அன்னைக்கு மழை பெஞ்சுதா…”

“மழைக்கு நான் காண்ட்ராக்ட் போட முடியுமா? ஓஸ்வால்டுக்கு வயசு முப்பத்தி நாலு. அவனால பதினொண்ணோட நின்னுச்சா, இல்ல அவன் இருந்தும் பதினொண்ணோட நின்னுச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

ஓஸ்வால்ட்தான் அணியின் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால், நடுவில் நிற்பவன். கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்துக்காரன். மோனிகாவும் அதே ஊர்தான். அவன் வேண்டுமா வேண்டாமா என்பது அவள் எழுதப்போகும் ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி எளிது என்று நான்கூட முதலில் நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

4

எண்கள். கொஞ்சம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோல் விழுந்திருக்க வேண்டிய தருணங்கள் என்று மோனிகா குறித்தவை அறுபத்து நான்கு. விழுந்தது பதினொன்று. பதினான்கு முறை பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. மிச்சத்தில் பாதி கீப்பரின் கைவண்ணம், பாதி எதிரியின் கோளாறு. ஆக, கோட்டை என்று ஊர் சொன்னது ஓட்டைச் சல்லடை. சரி, தீர்ப்பு வந்துவிட்டது, கதையை மூடலாம் என்று –

மூட முடியவில்லை. அந்த அறுபத்து நான்கில் இருபத்தொன்பது ஓஸ்வால்ட் பெயரில் இருந்தன. வேறு எவன் பெயரிலும் அதில் பாதிகூட இல்லை. இடது ஓரம் காக்கும் லெஃப்ட் பேக் ராஜேஷ்குமார் பெயரில் வெறும் ஐந்து. கணக்குப்படி ஓஸ்வால்டை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பெயர் எப்படி எழுதப்படுகிறது? அதற்கு ஒரு விதி. எதிரி கோலை நோக்கிப் பந்தை உதைக்கும் நொடியில் படத்தை நிறுத்துவார்கள். அவனுக்கு மிக அருகில் நம் ஆள் யாரோ, அவன் பெயரில் எழுதுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மோனிகாவே வைத்த விதி. யார் தவறு என்று அந்த அறையில் வேலை பார்க்கும் மூன்று பேரும் தினம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தூரம் என்றால் ஸ்கேலை வைத்துத் திரையிலேயே அளந்துவிடலாம். சண்டைக்கு இடமில்லை. சண்டை வராது என்பதற்காகவே வைத்த விதி.

அந்த இருபத்தொன்பதையும் அவள் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றையும் பத்து வினாடி பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். இருபத்திரண்டில், பத்து வினாடிக்கு முன் ஓஸ்வால்ட் அந்தப் பக்கமே இல்லை. நடுவில், தன் இடத்தில், ஒழுங்காக நின்றுகொண்டிருக்கிறான். ராஜேஷ்குமார் பந்தோடு முன்னால் போயிருக்கிறான். அவன் விட்டுப்போன இடது ஓரம் வெறிச்சென்று கிடக்கிறது. எதிரி அங்கே வருகிறான். ஓஸ்வால்ட் குறுக்கே ஓடுகிறான். ஓடிப்போய்ச் சேர்கிறான். சேர்ந்ததால் அருகில் இருக்கிறான். அருகில் இருந்ததால் அவன் பெயர்.

ஓடாமல் நின்றிருந்தால் வந்திருக்காது.

தீயை அணைக்க ஓடியவனைத் தீ வைத்தவன் என்று எழுதியிருக்கிறாள், இரண்டு வருடமாக. (இந்த உவமையும் கோட்டை வகைதான். அடிக்கத்தான் வேண்டும். அலுப்பாக இருக்கிறது, கிடக்கட்டும்.)

5

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து ஓஸ்வால்ட் சிவாஜிநகரில் இருந்தான். இறைச்சிக் கடைகள் முடியும் மூலையில் ஒரு டீக்கடை. கையில் கறுப்புப் பையில் இரண்டு கிலோ மாட்டிறைச்சி. மாலை ரயிலில் ஊருக்குப் போகிறான். மோனிகா தேடிக்கொண்டு வந்தாள்.

“இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? என்னைத் தூக்கிட்டாங்களா?”

“இன்னும் இல்லண்ணா.”

“இன்னும்னு ஒரு வார்த்த சொன்னே பாரு, டீயே கசக்குது.”

அவள் விதியைச் சொன்னாள். இருபத்தொன்பதையும் சொன்னாள். அவன் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

“எந்தப் புத்திசாலி வெச்ச ரூலு அது?”

“நான்தாண்ணா.”

ஓஸ்வால்ட் சிரித்தான். “சபாஷ். உனக்கு வேல கெடச்சதுக்கு உங்கப்பா லைன் வீடு பூரா கேக்கு குடுத்தாரு. நான் ரெண்டு துண்டு தின்னேன். அதுக்கா?”

“மாத்தப் பாக்குறேண்ணா.”

“இரு. நான் கேக்குறதுக்குச் சொல்லு. அந்த ராஜேஷ் பையன் மேல போறான், எடம் காலியா கீது, நான் ஓடாம என் எடத்துலயே நிக்கிறேன். என் பேரு வருமா?”

“வராது.”

“கோல் வுழுந்தா?”

“பக்கத்துல யாருமே இல்லன்னா கீப்பர் பேரு.”

இங்கே ஒரு நீண்ட மௌனம். அச்சகத்தில் சம்மதித்திருந்தால் அரைப் பக்கம் வெள்ளையாக விட்டிருப்பேன். பேருந்து நிலையத்தின் இரைச்சலைக் கொண்டு இந்த இடத்தை நிரப்பிப் பார்த்தேன். கண்டக்டர் கூவல், ஹாரன், மாம்பழ வண்டி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் நடந்தது.

“இந்த கிளப்பு விட்டா வேற எவன் என்னை எடுப்பான்?” என்றான் பிறகு. “வைட்ஃபீல்டு அபார்ட்மென்ட்ல கோன் வெச்சி சின்னப் புள்ளைங்கள ஓட வுடணும். அவங்கம்மாங்க வீடியோ எடுக்கும்போது கை தட்டணும்.”

“அது ஒண்ணும் தப்பான வேலை இல்லண்ணா.”

“தப்புன்னு நான் சொன்னனா? இன்னும் ஒரு சீசன் நான் ஓடுவேன்னு சொல்றேன். கால்ல கீதும்மா.”

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நடந்து வரும் வழியில்தான் மோனிகாவுக்கு உறைத்தது. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு ஸ்டாப்பரிடம், ஓடாமல் இருந்தால் உனக்கு நல்லது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

6

வெள்ளிக்கிழமை அவள் இன்னொரு தாளோடு ஹரிஷ்குமாரிடம் போனாள். புது விதி: முதலில் தன் இடத்தை விட்டவன் பெயர். அதன்படி ஓஸ்வால்டுக்கு ஏழு. ராஜேஷ்குமாருக்கு இருபத்தேழு.

ராஜேஷ்குமாரின் படம் மைதானத்துக்கு வெளியே இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்குகிறது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

“ராஜேஷ் முன்னாடி போறது கோச் சொல்லித்தானே?” என்றார் ஹரிஷ்குமார்.

“ஆமா சார்.”

“அப்ப கோச் பேரு போடுவீங்களா?”

“முன்னாடி வெளையாட ஆள் இல்ல சார். அதனாலதான் கோச் அனுப்புறாரு.”

“ஆள் எடுக்காதது நான். என் பேரு போடுவீங்களா?”

மோனிகா பழைய தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

“பழைய ரூல் நீங்க வெச்சதுதானே? ரெண்டு வருஷமா ஒண்ணும் சொல்லல. இப்ப லிஸ்ட் போற வாரத்துல மாத்தணும்ங்கறீங்க. ஓஸ்வால்ட் உங்க ஊருதானே மோனிகா?”

“மாரிக்குப்பம் சார். அங்க ஆயிரக்கணக்குல வீடு இருக்கு.”

“ரெண்டு தாளையும் வெச்சுக்குங்க. திங்கக்கெழம காலைல ஒண்ணு குடுங்க. ஒண்ணு மட்டும்.”

எனக்கு ஹரிஷ்குமார் மேல் கோபம் வர வேண்டும் என்று நினைக்கிறேன். நான்கு முறை அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒருமுறை தங்க மோதிரம்கூடப் போட்டுவிட்டேன். நிற்கவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. காரணத்தின் பின்னால் காரணம் என்று போய்க்கொண்டே இருந்தால், இந்த ஊருக்கு முதன்முதலில் பந்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரச் சிப்பாய் பெயரில்தான் எழுத வேண்டியிருக்கும். எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. கடைசி ஆட்டத்தில் ஓஸ்வால்ட் வழக்கம்போல் ஓடுகிறான், தடுக்கிறான், முப்பதாவது முறையாகப் பெயர் வாங்குகிறான், வேலை போகிறது. நல்லவன் கெட்டான். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போகலாம். வேண்டாம்.

ஆ. ஓடவில்லை. கோல் விழுகிறது. வேலை தப்புகிறது. இதில் ஒரு நீதி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதைவிட வேண்டாம்.

இ. மோனிகா இரண்டு தாளையும் கிழித்துவிட்டு வேலையை – இல்லை. அவள் மாடி வீட்டுக்கு வாடகை கட்டுபவள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை ராஜினாமா செய்யச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

உண்மையில் என்ன நடந்தது என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அதே கேட், வேறொரு ஞாயிறு. “ரிப்போர்ட்ட எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டீங்கல்ல அங்கிள்?” என்றாள். “அப்ப மிச்சத்தையும் நீங்களே எழுதிக்குங்க.” போய்விட்டாள். இன்றுவரை சொல்லவில்லை.

8

ஆகவே சனிக்கிழமை.

மோனிகா ஜன்னல் இல்லாத அறையை விட்டு மைதானத்துக்கு வந்திருக்கிறாள். பார்வையாளர் காலரியில் மூன்றாம் வரிசை. மடியில் இரண்டு தாள். மேலே கண்ணாடி அறையில் ஹரிஷ்குமார். எழுபத்தோராம் நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை.

ராஜேஷ்குமார் பந்தோடு முன்னால் போகிறான். பறிகொடுக்கிறான். எதிரணிக்காரன் ஒருவன் நீளமாக உதைக்க, இன்னொருவன் காலியான இடது ஓரத்தில் அதைப் பிடித்துவிடுகிறான். கேமரா பந்தின் பின்னால் போய்விட்டது. ஓஸ்வால்ட் இப்போது எந்தப் படத்திலும் இல்லை. நாளைக்கு எத்தனை முறை பின்னுக்குத் தள்ளினாலும் கிடைக்கமாட்டான். அவனைப் பார்ப்பது மோனிகா ஒருத்திதான். அவன் நடுவில், தன் இடத்தில் நிற்கிறான். இடது ஓரத்துக்கு இருபத்தைந்து எட்டு வைக்க வேண்டும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், காலரிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்.

முடிவெடுக்க அவனுக்கு இரண்டு வினாடி இருக்கிறது.

ஓடு என்று எழுதலாம். நில் என்று எழுதலாம். ஓடினால் அவன் பெயர். நின்றால் கீப்பர் பெயர். தாளை மாற்றினால் ராஜேஷ்குமார் பெயர். நான்கு மாதமாக இந்த இரண்டு வினாடிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், என்னால் முடியவில்லை. மோனிகா காலரியில் தூரத்தில் இருக்கிறாள். ஹரிஷ்குமார் இன்னும் தூரம். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில், பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

விதி தெரியும் உங்களுக்கு. படத்தை நிறுத்துவோம். அருகில் யார் என்று பார்ப்போம்.

நீங்கள்தான். உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன்.