கூடுதல் எலும்பு

வடக்குப்பட்டு செங்கமலம், ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் லைனில் பதினோரு வருடமாக நின்றபடியே வேலை பார்ப்பவள். ஆவணியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது கால் பிசகியது. வீக்கம் வடிந்த பிறகும், கணுக்காலுக்குக் கீழே உள்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்த மேடு மட்டும் வலித்துக்கொண்டே இருந்தது. சேஃப்டி ஷூ அதில் உரசும்போதெல்லாம் உயிர் போய் வந்தது.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் எலும்பு டாக்டர் ஸ்ரீதரிடம் போனாள். எக்ஸ்ரேயில் ஒரு துண்டு தனியாகத் தெரிந்தது.

"ஒடஞ்சி பூட்ச்சா சார்?"

"இல்லம்மா. ஒடஞ்சிருந்தா ஓரம் கரடுமுரடா இருக்கும். இது வழவழன்னு இருக்கு பாருங்க. பொறக்கும்போதே வந்த கூடுதல் எலும்பு. பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இருக்கும், பல பேருக்குத் தெரியவே தெரியாது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் இதுலதான் வந்து சேருது. பிசகினதுல அந்த இடம் நொந்துபோயிருக்கு."

கணுக்கால் அசையாமல் பிடிக்கிற பூட்டை ஆறு வாரம் மாட்டச் சொன்னார். பிறகு ஷூவுக்குள் மெத்தை. அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆபரேஷன். எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா? குடும்பத்துல வர்றதுண்டு. பொம்பளப் புள்ளைங்களுக்குப் பன்னெண்டு, பதிமூணு வயசுல, ஓடியாடும்போது வலி ஆரம்பிக்கும்."

செங்கமலத்துக்கு மகளின் கால் ஞாபகம் வந்தது.

மகள் கலைமதி எட்டாவது படிக்கையில் மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வானாள். தினமும் உள்பாதத்தைத் தொட்டுக் காட்டி அழுதாள். "வேலை சொன்னா கால் வலி, ஓடச் சொன்னா கால் வலி. நடிக்காதடி" என்று தைலம் தேய்த்து அனுப்பினாள் செங்கமலம். போட்டியில் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்ட பெண், பிறகு ஓடவே இல்லை.

நாலு வருடத்துக்கு முன்பு அவள் ஏசுவடியானைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் போய்விட்டாள். "இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொன்னதும் செங்கமலம்தான். அதற்குப் பிறகு லைனில் புதிதாகச் சேரும் எந்தப் பெண் முதுகைக் காட்டி நின்றாலும், மதியோ என்று அவளுக்கு ஒரு கணம் கைவேலை நின்றுவிடும்.

ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து, இத்தனை நாள் தொடாத அந்த நம்பரை அழுத்தினாள்.

"மதி... அம்மா பேசுறேன்."

"இன்னாமா? யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. உன் கால் இப்பவும் வலிக்குதா கண்ணு?"

மறுமுனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் செங்கமலம் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "நீ நடிக்கல மதி. எனக்குத்தான் தெரியாம பூட்ச்சு."

"எனக்குத் தெரியும்மா. ரெண்டு கால்லயும் கீது. போன வருசம் ஒரு கால்ல ஆபரேஷன் பண்ணிக்கினேன்."

"ஆபரேஷனா? யாருடி பாத்துக்கினாங்க?"

"அவருதான். சோறாக்கி, தலைகூட பின்னி வுட்டாரு. ஆஸ்பத்திரியில படுத்துகினு உன் நம்பர எடுத்து எடுத்துப் பாப்பேன். எடுக்க மாட்டியோன்னு பயம்."

"எடுத்திருப்பேன்டி" என்றாள் செங்கமலம். அது உண்மைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "வூட்டுக்கு வரியா?"

"நீ வாம்மா. மொதல்ல கால் சரியாவட்டும்."

ஆறு வாரம் அவளால் பொறுக்க முடியவில்லை. நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குப் போனில் சொல்லிவிட்டு, பூட் மாட்டிய காலோடு காஞ்சிபுரம் போய் அங்கிருந்து ஓசூருக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏசுவடியான் பையை வாங்கிக்கொண்டான். கலைமதி படிக்கட்டருகே வந்து கை நீட்டினாள். நாலு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "மெதுவா எறங்குமா" என்றாள். செங்கமலம் இறங்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இறங்க வந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.