மூக்கைத் தூக்கிய விமானம்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே கிளம்பி வருவது திருத்தங்கலில் வழக்கமில்லை. அந்த ஊர்ப் பெண் ஐஸ்வர்யா வந்தாள். பெண் பார்க்க வந்த அன்று விக்னேஷ்குமார் அவளிடம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. மற்றதெல்லாம் சொந்தக்காரர்கள் சொன்னது: தங்கமான பையன், குனிந்த தலை நிமிரமாட்டான். இன்று இரவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தங்கத்தை உரசிப் பார்க்காமல் என்ன பதில் சொல்வது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையனின் அப்பா கனகசபாபதி ஏசியில் ஆரம்பித்து மாடி டைல்ஸ் வரை பெருமையடித்து முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது. ஐஸ்வர்யாவின் கண் ஷோகேஸில் இருந்தது. உள்ளே ஒரு வெள்ளை விமானம். நீண்ட கழுத்து, மூக்குக்குப் பக்கத்திலேயே இரண்டு குட்டிச் சிறகுகள். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ராக்கெட் வெடி செய்யும் வீட்டில் பிறந்தவளுக்கு முதலில் அது தப்பாகவே தெரியவில்லை. ராக்கெட் என்றால் மேலேதானே பார்க்கும். அப்புறம்தான் உறைத்தது, அப்படியானால் முன்னால் சக்கரம் எதற்கு?

"இது என்ன மாமா?"

"அமெரிக்காக்காரன் சோதனைக்குச் செஞ்ச குண்டு போடுற விமானம்மா. சத்தத்தவிட வேகமாப் போகுமாம். அதோட மாடல். பார்ட் பார்ட்டா வரும். தம்பிதான் ஒட்டுனான்."

"முன்சக்கரம் ஏன் தரையில படல?"

"கிளம்புறப்ப அப்படித்தான் நிக்கும்," என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

கூட வந்திருந்த வீரலட்சுமி மகளின் முழங்கையைக் கிள்ளினாள்.

"இல்லப்பா." விக்னேஷ்குமார் வாயைத் திறந்தான். காது சிவந்திருந்தது. "நான் ஒட்டுனது தப்பு. மூக்குக்குள்ள எடை வச்சுட்டு மூடணும்னு கூட வந்த தாள்ல போட்டிருந்துச்சு. அவசரத்துல மூடிட்டேன். அதான் பின்னால சாயுது."

"மாமாட்ட சொல்லலையா?"

"அப்பா கேக்கல. வர்றவுக எல்லாரும் பறக்கப்போகுதுன்னு நம்பிட்டுப் போயிருவாக. இம்புட்டு நாள்ல யாரும் சக்கரத்தப் பாக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. விமானத்தை வாங்கி, குச்சி கட்டிய ராக்கெட்டின் எடை சரியா என்று பார்ப்பதுபோல ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தாள். பின்பக்கம் சரிந்தது.

"அறுத்துத்தான் எடை வைக்கணும். உடைஞ்சாலும் உடையும்," என்றாள்.

"உடைஞ்சா உடையட்டும்," என்று அவன் பிளேடு எடுக்கப் போனான். கனகசபாபதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேன் ஆமத்தூரைத் தாண்டியதும் வீரலட்சுமி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "மண்டி, மாடி எல்லாம் பாத்தாச்சு. அப்பாட்ட என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லிரும்மா," என்றாள் ஐஸ்வர்யா. "கேட்டா மாப்பிள்ள உள்ளதச் சொல்லுறாக."