நாரையின் முதுகில் ஒரு பொட்டு

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தான் மச்சினன். மருந்துக்கடைக்காரர் பத்தேகாலுக்கே பட்டறைத் தெருவில் திரும்பிவிட்டார். சொன்ன நேரத்துக்குப் போனால், காட்ட நினைத்தது மட்டும்தான் கண்ணில் படும் என்பது அவர் எண்ணம். கடையிலும் அப்படித்தான். பெட்டியின் மேலே இருக்கும் மாத்திரை அட்டையைத் தொடமாட்டார். அடியில் இருப்பதை உருவித்தான் காலாவதித் தேதி பார்ப்பார்.

சட்டைப் பையில் சாவி கனத்தது. அவர் கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஷெட்டின் சாவி. பழைய கார்களைப் புதுப்பிக்கும் மச்சினனின் பட்டறை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எங்கெங்கோ அலைந்தும் வேறு இடம் அமையவில்லை.

"இன்னைக்குக் குடுத்துட்டு வந்துடுங்க," என்று காலையில் காபி டம்ளர் பக்கத்திலேயே சாவியையும் வைத்திருந்தாள் மனைவி. "ஷெட் இல்லன்னா தம்பி தெருவுலதான் நிக்கணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"யோசனையெல்லாம் இல்ல. காரைப் பாத்துட்டுக் குடுக்கறேன்."

"காரைப் பாக்கப் போறீங்களா, அவனைப் பாக்கப் போறீங்களா?"

அவர் காபியைக் குடித்தார்.

பட்டறை வாசலில் அவருடைய கார் இல்லை. அதன் ஜோடி போல ஒன்று நின்றது. அதே கம்பெனி, அதே இரண்டு இருக்கை, அதே நீள மூக்கு. நிறம் மட்டும் சிவப்பு. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்த ஒரு வக்கீல் கதவைத் திறந்துகொண்டிருந்தார். காரின் மூக்கு நுனியில் வட்டச் சின்னம் மின்னியது. நீலத்தில் சிறகு விரித்த வெள்ளை நாரை.

"இதே வண்டி வெச்சிருக்கீங்களே, நீங்கதானே அவரோட மாமா?" என்றார் வக்கீல். "உங்க மச்சினன் கைராசிக்காரர் சார். போன வாரம் நாரை இல்லாம வந்தேன். இன்னைக்கு நாரையோட போறேன்."

கார் உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பியது. மருந்துக்கடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்தக் கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. பழைய நாரைக்காக ஆட்கள் ஊர் ஊராகத் தேடுகிறார்கள் என்று சொன்னது மச்சினனேதான். அவருடைய நாரை, அவர் அப்பா ஓட்டிய காரின் நாரை, ஒரு மாதமாக இதே பட்டறையில் இருக்கிறது. நாரை இல்லாமல் வந்தவனுக்கு நாரை எங்கிருந்து முளைத்தது?

உள்ளே பெயிண்ட் வாடை. மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்து, காரின் பின்பக்கத்தில் ஒட்டும் எழுத்துகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மாமா, கடிகாரம் ஓடுதா, நீங்க ஓடி வந்தீங்களா?"

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு."

"இந்தப் பக்கம் என் பட்டறையை விட்டா சுடுகாடுதான் இருக்கு." சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"வக்கீல் வண்டிக்குச் சின்னம் ஏது மாப்ளே?"

"வாங்கி மாட்டினேன். உக்காருங்க, டீ சொல்றேன்."

எங்கே வாங்கினாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் பதிலைத் தயார் செய்துகொள்வான். டீயும் வேண்டாம் என்றார்.

"வால் எழுத்து புதுசுதான் போட்டாகணும் மாமா. பழசுல ரெண்டு எழுத்து உடைஞ்சே போச்சு. மூக்குக்கு மட்டும் நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்." மச்சினன் அலமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து மேசைமேல் விரித்தான். அதில் மூன்று நாரைகள். "ரெண்டு புதுசு, பழசைப் பாத்துச் செஞ்ச நகல். பழசு சரியா வரலேன்னா மாட்டிக்கலாம்னு சேத்து வாங்கினேன். ஒண்ணு உங்களுது. எனாமல் புதுசா ஊத்தி, நிக்கல் முலாம் போட்டு வந்திருக்கு. எது உங்களுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

விளையாட்டாகத்தான் கேட்டான். அவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மூன்று நீலமும் ஒரே நீலம். அவருடைய நாரையின் இடது சிறகில் எனாமல் பெயர்ந்த வடு ஒன்று இருந்தது. இப்போது மூன்று சிறகும் முழுசாக இருந்தன. வடுவை மறைத்தாயிற்று, இனி எதைக் கொடுத்தாலும் மாமா வாங்கிக்கொள்வார் என்ற நினைப்போ?

ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் இரண்டிரண்டு கால்கள், காரின் மூக்கில் உள்ள ஓட்டைகளில் செருகுவதற்கு. முதலாவதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டாவதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவதில் ஒரு கால் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அவர் பார்வை அதில் நிற்கவில்லை. அவர் தேடியது சிவப்பு.

போன மாதம் சின்னத்தை வீட்டில் அவரேதான் கழற்றியிருந்தார். மச்சினன் வந்து வாங்கிப் போவதற்கு முன், மனைவியின் நகப்பாலிஷில் தீக்குச்சியைத் தோய்த்து, நாரையின் முதுகில் மிளகளவு பொட்டு ஒன்று வைத்தார். ஊதி உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, "அப்பாவோடது, பத்திரம்" என்று சொல்லி இரண்டு கையாலும் கொடுத்தார். பாலிஷ் பாட்டில் மூடியை இவ்வளவு இறுக்கியது யார் என்று மனைவி மறுநாள் கேட்டபோது பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

மூன்று முதுகிலும் பொட்டு இல்லை.

"மனுசன் முன்னாடி பாப்பான். நீங்க என்ன பின்னாடியே பாக்கறீங்க?" என்றான் மச்சினன்.

"என்னோடது இதுல இல்ல."

"இல்லையா?"

"அது இப்போ சிவப்பு வண்டி மூக்குல போய்க்கிட்டு இருக்கு. நான் என் கண்ணால பாத்தேன்."

மச்சினன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கியது. துண்டோடு மூன்றையும் அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அவர் பின்னாலேயே போனார். அங்கே அவருடைய கார் போர்வைக்குள் இருந்தது. மச்சினன் மூக்கை மட்டும் திறந்தான். புதுப் பச்சை நிறத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்.

முதல் நாரையை வைத்தான். ஒரு கால் இறங்கியது, மற்றது விளிம்பில் முட்டி நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது.

"உங்க அப்பா வண்டியைக் கேட்டுல கொண்டுபோய் மோதி, மூக்கை அவரே தட்டி எடுத்து, அவரே கோணலா ஓட்டை போட்டு, அதுக்கேத்த மாதிரி காலை வளைச்சாருன்னு நீங்கதானே மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க? பெயிண்ட் அடிக்கும்போது அந்த ஓட்டையை நேராக்கட்டுமான்னு ஆள் கேட்டான். வேணாம், அது அவர் போட்டதுன்னு விட்டேன். வக்கீலுக்குப் போட்டது புதுசு. இங்க இருக்கற மூணுமே புதுசுன்னு நெனச்சுக்காதீங்க. புதுசு மூணுதான் வாங்கினேன், வக்கீலுக்கு ஒண்ணு, இங்க ரெண்டு. அது வந்த பெட்டி அங்க கிடக்கு, வேணும்னா பாத்துக்கோங்க."

மருந்துக்கடைக்காரர் பெட்டி இருந்த பக்கம் திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது என்று திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

"பின்னாடி என்ன தேடினீங்க?"

"ஒண்ணுமில்ல."

"தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தீங்களே மாமா."

"ஒரு பொட்டு." போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டார். "அடையாளத்துக்கு. சிவப்பா, சின்னதா."

"அக்கா நகப்பாலிஷா?"

அவர் தலையாட்டினார்.

"எனாமலை உலைக்குள்ள வெச்சுத்தான் உருக்குவாங்க. அந்தச் சூட்டுல பாலிஷ் நிக்குமா? மருந்து விக்கிற ஆளு நீங்க." மச்சினன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தா மாப்ளே. ஷெட்டை நீ எடுத்துக்கோ. நாளைக்கே சாமானைக் கொண்டுவந்துடு. அந்த வக்கீல் வண்டியைப் பாத்ததும் மனசு கொஞ்சம் தடுமாறிடுச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

மச்சினன் சாவியைப் பார்த்தான். கை நீட்டவில்லை. துண்டை எடுத்து நாரையின் மேல் பதிந்திருந்த தன் விரல் தடத்தைத் துடைத்தான்.

"வக்கீல் வண்டி இங்க வந்ததே போன வாரம்தான். நீங்க சின்னத்தை என் கையில குடுத்து ஒரு மாசம் ஆச்சு. பொட்டை எப்போ வெச்சீங்க மாமா?"