திறந்த மைக்

அந்த பாப் பாடகி மேடையில் ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்கும். அதனால் எப்போதும் ஸ்டுடியோவில் பதிவு செய்த குரல்தான் ஓடும்; கையிலிருக்கும் மைக் வெறும் ஒப்புக்கு. அன்று அம்மா முதன்முறையாக வந்திருந்தாள்.

“கடைசிப் பாட்டுக்கு மட்டும் மைக்கைத் திறந்து விடுங்கண்ணே. அம்மா என் குரலைக் கேட்கணும்.”

“மானம் போச்சுன்னா என்னைச் சொல்லாதே,” என்றார் சவுண்டுக்காரர். ஆனாலும் திறந்தார்.

தொண்டை நரம்பு புடைக்க ஆடிப் பாடி முடித்தாள்.

ஒப்பனை அறையில் அம்மா அவள் வியர்வையைத் துடைத்துவிட்டாள். “எல்லாம் ஜோரா இருந்துச்சுடி. கடைசிப் பாட்டைத்தான் எவளோ பாடிக் கெடுத்துட்டா. யாரு அவ?”

“கோரஸ் பொண்ணும்மா.”

“இனிமே வர வேணாம்னு சொல்லிடு.”

“சரிம்மா” என்றவள், மைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள்.