பேக்கன் ஆறும் வரை

மரச்சாமான்களுக்கு வார்னிஷ் பூசுவது அவருடைய தொழில். பட்டறையில் அவர் வைத்ததே சட்டம்: பூச்சு காயும் வரை யாரும் விரல் வைக்கக் கூடாது. அவருடைய மனைவி பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலும் ஏட்டில் சிவப்பு மையால் குறிப்பவர்.

ஈராண்டுகளுக்கு முன் கணவர் ஆசை ஆசையாக வாங்கிய ஓவன், பழைய செய்தித்தாள்களை அடுக்கும் பெட்டியாகவே பணியாற்றி வந்தது. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிடுவதென மனைவி முடிவு செய்தார். தங்கையும் அவள் கணவரும் ஞாயிறு காலை பத்தரைக்குக் காரில் வருவதாக ஏற்பாடு.

"ஒரே ஒரு தடவை பேக்கன் பண்ணிக் காட்டறேன். நல்லா வந்தா இது இங்கேயே இருக்கட்டும்."

"பத்தரைக்குத் தட்டுல இருக்கணும். இல்லேன்னா ஏத்தி விட்டுருவேன்."

"ஓவனையா, என்னையா?"

"கார்ல இடம் இருந்தா ரெண்டையும்."

ஞாயிறு ஒன்பதரைக்கு ஓவனிலிருந்த செய்தித்தாள்கள் தரைக்கு வந்தன. பேக்கனை, அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சிக் கீற்றுகள் பன்னிரண்டையும், கம்பி வலைமேல் வரிசையாகக் கிடத்தினார். பழுப்புச் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் மிளகும் கலந்து மேலே தூவினால் போதும். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. கலவையை நீரில் குழைத்துப் புதுத் தூரிகையால் பூசினார். ஒரு பூச்சில் பளபளப்பு போதாதென்று, வேகும்போதே கதவைத் திறந்து இரண்டாம் பூச்சு, பிறகு மூன்றாவது. திறந்தபோதெல்லாம் சூடு வெளியேறியது.

"இப்படித் திறந்து திறந்து மூடினா அது ஓவனாங்க, டவுன் பஸ்ஸா?" என்றார் மனைவி.

பத்து இருபத்தைந்துக்கு ஓவனை அணைத்துத் தட்டை வெளியே எடுத்தார். மொறுமொறுவென்று இருக்க வேண்டிய கீற்றை, பட்டறையில் சூடு பழகிக் காய்த்துப்போன விரலால் அழுத்தினார். பிசுபிசுத்தது. அடுத்ததை அழுத்தினார். அதுவும் அப்படியே. நம்பிக்கை இழக்காமல் பன்னிரண்டையும் அழுத்தி முடித்தபோது, பன்னிரண்டிலும் அவருடைய கைரேகை பதிந்திருந்தது.

வாசலில் கார் நின்றது.

"மாமா, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. தோத்துட்டீங்க!" என்றபடி தங்கை நுழைந்தாள். பின்னால் கயிறும் சாக்குமாக வந்த அவள் கணவர் ஓவனில் கை வைத்தார்; வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஐயோ சகலை, கொதிக்குது! இதை எப்படித் தூக்கறது?"

"ஆறட்டும். பத்து நிமிஷம்," என்றார் மனைவி, கடிகாரத்தைப் பார்த்து.

ஓவன் ஆறியது. அருகிலிருந்த தட்டும் ஆறியது. பொழுது போகாமல் சகலை ஒரு கீற்றை எடுத்துக் கடித்தார்.

படக்.

நால்வரும் தட்டைப் பார்த்தார்கள். உருகிய சர்க்கரை சூட்டில் இளகியே இருக்கும்; ஆறினால்தான் இறுகும். "காயறதுக்கு முன்னாடி தொட்டுட்டேன்," என்றார் அவர் மெதுவாக. இதே குற்றத்துக்காகப் பட்டறையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார் என்பதை அவர் அங்கே சொல்லவில்லை.

தங்கை மூன்றாவது கீற்றில் இருந்தாள். "முதல்ல இனிக்குது, பின்னாடியே காரம் ஓடி வருது. அக்கா, இவ்வளவு நல்லா வருதுன்னா இதை நான் கண்டிப்பா எடுத்துட்டுப் போறேன்!"

வென்று தோற்கலாம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. மனைவியைப் பார்த்தார்.

மனைவி ஒரு கீற்றை எடுத்தார், கடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நாப்பத்தொண்ணு. பதினொரு நிமிஷம் லேட்."

"அப்போ ஏத்திருவியா?"

"லேட்டா வந்த வண்டியை யாரும் தூக்கிக் குடுத்துடறதில்லைங்க. காரணத்தை எழுதி, கையெழுத்து வாங்கிட்டு உள்ளே விட்டுருவோம்."

"எங்கே கையெழுத்து போடணும்?"

"அதான் பன்னெண்டுலயும் ரேகை வச்சிருக்கீங்களே."

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான்காவது கீற்றையும் எடுத்துக்கொண்டாள். சகலை கொண்டுவந்த கயிறு வீணாகவில்லை. ஈராண்டுச் செய்தித்தாள்களைக் கட்டிக் காரில் ஏற்றினார்கள்.